சிப்பி வேலையும் மூச்சும்: கேள்வி பதில்

சோழி மாலை, சங்கு விளக்கு, சிப்பித் திரை என்று வீட்டிலேயே கைவேலை செய்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வேலணை: அக்கா, சிப்பித் தூள் நஞ்சு என்கிறார்கள். உண்மையா?

நஞ்சு என்று அஞ்ச வேண்டாம். சிப்பி பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அதன் படைகளைப் பிணைத்து வைத்திருப்பது கொஞ்சம் புரதம். ஆனால் அதை அரைத்து மூச்சில் இழுப்பது வேறு கதை. கண்ணுக்குத் தெரியும் தூள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் அடிவரை போகும். அந்தப் புரதம் சிலருக்கு ஒவ்வாமையையும் கிளப்பும். முத்துச்சிப்பியில் பொத்தான் செய்த தொழிலாளருக்கு இதனால் நுரையீரல் அழற்சி வந்திருக்கிறது.

வேலை முடிந்து சில மணி நேரத்தில் இருமல், காய்ச்சல் குணம், நெஞ்சு இறுக்கம் வந்து, வேலை செய்யாத நாட்களில் குறைந்து, மறுபடி தொடங்கியதும் திரும்பினால் தடிமன் என்று விட்டுவிடாதீர்கள். வைத்தியரிடம் போய், சிப்பி அரைக்கிறேன் என்பதை நீங்களே சொல்லுங்கள். அவராக அதைக் கேட்காமல் விடலாம்.

குருநகர்: துணி முகக்கவசம் கட்டி, மின்விசிறி போட்டுக்கொண்டு அறைக்குள் தேய்க்கிறேன். போதுமா?

போதாது, தங்கச்சி. துணி நுண்தூளைத் தடுக்காது. மின்விசிறியோ அதைப் பிள்ளை படுக்கும் அறைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். என்-95 கவசம் முகத்தோடு ஒட்டி நின்றால் நல்லது. தாடி வைத்த ஆண்களுக்கு அது சரியாக ஒட்டாது. ஆனாலும் கவசம் இரண்டாவது காவல்தான். முதல் காவல் தண்ணீர்.

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, சிப்பியை ஒரு விரற்கடை ஆழத்தில் அமிழ்த்திப் பிடித்து, நீர் தாங்கும் மண்கடதாசியால் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால்போல் வெளுக்கும். உலர்வாகத் தேய்த்திருந்தால் உங்கள் நெஞ்சுக்குள் போயிருக்கக்கூடியது அதுதான். அந்தச் சேறு காய்ந்தால் மறுபடி தூளாகிவிடும். எனவே மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். தும்புத்தடியால் கூட்டவே கூடாது. வேலை உடுப்பை முற்றத்திலேயே மாற்றித் தனியாகத் தோயுங்கள். விறாந்தையில் காற்று வரும் பக்கம் முதுகு காட்டி இருப்பது நல்லது.

கோண்டாவில்: திரை கோக்கத் துளை போடவேண்டும். மின்துளைகருவி பாவிக்கலாமா?

சுவர் மின்சாரத்தில் ஓடும் கருவியைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு அருகில் கொண்டுபோகவே வேண்டாம். கையால் சுற்றும் துளைகருவி, இல்லாவிட்டால் பற்றரியில் ஓடும் சிறியது போதும். துளை வரும் இடத்தைச் சுற்றிக் களிமண்ணால் சிறு வரம்பு கட்டி, உள்ளே சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தூள் அங்கேயே அடங்கும், முனையும் சூடேறாது. சிப்பிக்குக் கீழே பலகை வைத்து, அழுத்தாமல் மெதுவாகத் துளையுங்கள். தெறிக்கும் சில்லு கண்ணாடிபோல் வெட்டும். பக்கமும் மூடிய காப்புக்கண்ணாடி வேண்டும். வாசிக்கும் கண்ணாடி போதாது.

பருத்தித்துறை: சங்கு நாறுகிறது. வினாகிரியில் ஊறவைக்கலாமா?

வேண்டாம். வினாகிரியில் கிளம்பும் குமிழி அழுக்குப் போவதன் அடையாளம் அல்ல, சங்கே கரைகிறது. பளபளப்பு போனால் திரும்பாது. நாற்றம் உள்ளே சுருளில் தங்கிய தசையால் வருவது. வீட்டுக்கு வெளியே, நிழலில், தண்ணீரைத் தினமும் மாற்றி ஊறவிட்டுக் கழுவி எடுங்கள். கிணற்றுக்குப் போடும் குளோரினையும் வினாகிரியையும் ஒரே பாத்திரத்தில் கலக்கவே கலக்காதீர்கள். எழும் குளோரின் வாயு நுரையீரலை எரிக்கும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

காரைநகர்: கசூரினாக் கரையில் பிள்ளைகள் சிப்பி பொறுக்குகிறார்கள். பயமா?

வெறும் கூடுகளைப் பொறுக்கட்டும். உயிருள்ள எதையும், முக்கியமாகக் கூம்பு வடிவில் அழகான கோலம் போட்ட நத்தையை, தொடவிடாதீர்கள். கூம்பு நத்தைகள் நச்சு முள்ளால் குத்தும். சில இனங்களின் குத்து ஆளைக் கொல்லும், அதற்கு நச்சுமுறி மருந்தும் இல்லை. குத்திவிட்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

சிப்பி கையையோ காலையோ வெட்டிவிட்டால் சுத்தமான தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு நன்றாகக் கழுவி, ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டு எவ்வளவு காலம் என்று பாருங்கள். நீரிழிவோ ஈரல் நோயோ உள்ள பெரியவர்களுக்குக் கடல்நீர் பட்ட காயம் வேகமாக மோசமாகலாம். சிவந்து வீங்கத் தொடங்கினால் அன்றைக்கே காட்டுங்கள்.