பத்து டொலர் கூடப் போனாலும் ஆறுதலாகப் பாருங்கள்

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். கணவர் கடை வைத்திருக்கிறார். பிள்ளைகளைப் புத்தளத்தில் உம்மாவிடம் விட்டுவிட்டு, முதல் தடவையாக நாங்கள் இருவரும் தனியாக எங்காவது போய்வர நினைக்கிறோம். காட்டுக்குள் கிடக்கும் பழைய கோயில்களை வீடியோவில் பார்த்ததிலிருந்து அவருக்குக் கம்போடியாதான் வேண்டுமாம். ஏஜென்ட் தந்த திட்டத்தில் மூன்று நாளில் பதினான்கு இடம். வெக்கையில் இப்படி ஓடித் திரிய எனக்கு ஏலாது. ஹலால் சாப்பாடு, தொழுகை எல்லாம் அங்கே எப்படி? கோயில் பார்க்கவா போகிறீர்கள் என்று மாமி வேறு கேட்கிறார்.
– வாசகி, சோனகத் தெரு, யாழ்ப்பாணம்

பதில்: தங்கச்சி, ஏஜென்ட் தந்த தாளை முதலில் மடித்து வையுங்கள். மூன்று நாளில் பதினான்கு இடம் என்றால் ஊர் திரும்பிய பிறகு எந்தப் படம் எந்தக் கோயில் என்று இருவரும் சண்டை பிடிக்கத்தான் நேரம் இருக்கும்.

நீங்கள் கேட்டிருப்பது சாப்பாடு, தொழுகை, வெக்கை என்று மூன்று விஷயம். மெதுவாகப் போனால் மூன்றுமே பெரும்பாலும் தானாகத் தீர்ந்துவிடும். அங்கோர் என்பது கம்போடியாவின் கெமர் அரசர்களின் பழைய தலைநகரம். அதன் கோயில்களில் பெரும்பாலானவை சியெம் ரீப் நகரத்துக்குக் கிட்டத்தான் இருக்கின்றன. காலையில் ஒரு கோயில், பதினொரு மணிக்கு அறைக்குத் திரும்பிக் குளியல், சாப்பாடு, லுஹர், ஒரு நித்திரை. அஸர் தொழுத பிறகு மனமிருந்தால் இன்னொரு சின்ன இடம், இல்லாவிட்டால் சும்மா இருக்கலாம். கோயில் வளவுக்குள் தொழ இடம் தேடி அலைய வேண்டியதில்லை, நடுவெயிலில் கல்லுப்படி ஏற வேண்டியதில்லை, மதியத்தில் கண்ட கடையில் சாப்பிட வேண்டியதும் இல்லை. பயணத்தில் சேர்த்துத் தொழுவது, சுருக்கித் தொழுவது பற்றி உங்கள் பள்ளி மௌலவியிடம் எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதைச் சொல்லியே கேளுங்கள். நாட்கள் கூடினால் அந்தச் சலுகை மாறும்.

உங்கள் கணவர் வியாபாரி. அவருக்குக் கணக்கில் சொன்னால்தான் ஏறும். அங்கோருக்கு ஒரு நாள் அனுமதிச்சீட்டு 37 டொலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்றுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் பத்தே பத்து டொலர். அந்த ஏழு நாளையும் அடுத்தடுத்துப் பார்த்து முடிக்க வேண்டும் என்றும் இல்லை, ஒரு மாதத்துக்குள் விரும்பிய நாட்களில் போகலாம். சீட்டில் உங்கள் படம் இருக்கும், ஆகவே மற்றவரிடம் கைமாற்றி வாங்கும் கதை சரிவராது.

சூரிய உதயத்துக்கு அங்கோர் வாட் போகாமல் விட்டால் பயணமே வீண் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கோயில் மேற்கு நோக்கியது. அதனால் விடியற்காலையில் சனமெல்லாம் மேற்குப் பக்கக் குளத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெருக்கியடித்து நிற்கும். நீங்கள் சுபஹ் தொழுது, தேநீர் குடித்து, ஆறுதலாக வெளிக்கிட்டு, கிழக்கு வாசலால் உள்ளே போங்கள். மரங்களுக்கு நடுவே போகும் பாதை, சனமும் குறைவு. அந்தப் பக்கத்தால் போனால் கோயிலில் முதலில் எதிர்ப்படுவது பாற்கடல் கடையும் சிற்பம். சுமார் 49 மீற்றர் நீளச் சுவர் முழுக்க அது ஒன்றுதான். ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், நடுவில் விஷ்ணு, கீழே கடலுக்குள் மீனும் முதலையும். மத்துக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள், சுழலில் அகப்பட்ட மீன்கள் துண்டு துண்டாகக் கிடக்கும்.

அப்படியே மண்டபத்தைச் சுற்றி மேற்குப் பக்கம் வந்தால் இலங்கைப் போர். அனுமனின் தோளில் இராமன், தேரில் பத்துத் தலை இராவணன், இடையில் ஒருவரையொருவர் கடித்துக் குதறும் குரங்குகளும் அரக்கர்களும். நம் ஊர்ச் சண்டையை யாரோ எண்ணூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் கல்லில் வெட்டி வைத்திருப்பதை இலங்கைக்காரராகப் போய்ப் பார்ப்பதில் ஒரு தனிச் சுவை. மேற்கூரை உள்ள மண்டபம், வெயில் படாது. இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்த ஒரு கோயிலுக்கே ஒரு காலைப்பொழுது போதாது.

காட்டுக்குள் கோயில் என்று உங்கள் கணவர் வீடியோவில் பார்த்தது தா ப்ரோம் ஆகத்தான் இருக்க வேண்டும். ஏழாம் ஜெயவர்மன் 1186இல் தன் தாயின் நினைவாக எழுப்பியது. சுவருக்கு மேல் முளைத்த மரங்களின் வேர் கூரையிலிருந்து நிலம் வரை வழிந்து கிடக்கும். காலை ஏழரைக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். ஒன்பது மணி தாண்டினால் ஒவ்வொரு வேருக்கு முன்னாலும் படம் எடுக்க வரிசை.

இன்னும் உள்ளே, இன்னும் ஆளில்லாத இடம் வேண்டுமென்றால் பெங் மீலியா. நகரத்திலிருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேல், ஒரு முழு நாள் போகும். இடிந்தது இடிந்தபடியே கிடக்கிறது. கண்ணிவெடி அகற்றிய பிறகுதான் அங்கே ஆட்கள் போய்வரத் தொடங்கினார்கள். கண்ணிவெடி புதைந்து கிடந்த முகமாலையைத் தாண்டிப் போய்வரும் நமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை: போட்ட பாதையை விட்டு இறங்கக் கூடாது.

நான் ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டுமென்றால் பந்தியாய் ஸ்ரேயைத்தான் சொல்வேன். 967ஆம் ஆண்டுக் கோயில், இளஞ்சிவப்புக் கல், அளவில் மிகச் சின்னது. மரத்தில் செதுக்கியதைப் போல அவ்வளவு ஆழமான வேலைப்பாடு. இராவணன் கைலாயத்தை உலுக்க, பயந்துபோன பார்வதி சிவனைக் கட்டிப் பிடிக்கும் காட்சி ஒன்று உண்டு. கணவரோடு நின்று பார்க்க வேண்டிய சிற்பம், அவ்வளவுதான் சொல்வேன்.

அந்தக் கோயிலுக்குப் போகும் வழியில் ப்ரியா டாக் என்ற கிராமத்தில் இறங்குங்கள். தெருவோரம் பெரிய தாச்சியில் பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். நம்முடைய அதே பனைதான். கம்போடியாவின் தேசிய மரமும் அதுவே. காய்ந்து இறுகியதைச் சின்னச் சின்ன வட்டமாக வார்த்து, ஓலைக்குழலில் அடுக்கி விற்பார்கள். நம் பனங்கட்டியை விட நிறம் வெளிறல், வாயில் வைத்தவுடன் கரையும். ஒரு கவனம்: மூங்கில் குழாயில் ஊற்றித் தரும் பனஞ்சாறு காலையில் இனிப்பாக இருக்கும், வெயில் ஏற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு மணத்திலேயே தெரியும், இருந்தாலும் மத்தியானத்துக்குப் பிறகு தொடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். கம்போடியாவின் முஸ்லிம்களில் பெரும்பாலானோர் சாம் இனத்தவர். நம்மைப் போலவே ஷாபி மத்ஹபு. சியெம் ரீப் நகர நடுவுக்குக் கிட்ட அந்நிஃமா பள்ளிவாசல் இருக்கிறது, அதைச் சுற்றி சாம் குடும்பங்கள் நடத்தும் ஹலால் கடைகள். அங்கே மீன் அமோக் கேளுங்கள், தேங்காய்ப்பாலில் வாழையிலைக்குள் அவித்தது. வறுத்த தேங்காயும் கச்சானும் சேர்த்த சராமன் என்ற மாட்டிறைச்சிக் கறி நம் நாக்குக்கு நன்றாக ஒத்துவரும். மற்றக் கடைகளில் 'பன்றி இல்லை' என்று சொல்வதை ஹலால் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாச்சியும் அகப்பையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். 'சாச் ச்ரூக்' என்றால் பன்றி இறைச்சி, காதில் வைத்திருங்கள்.

இதில் இன்னொரு கதையும் இருக்கிறது. 1177இல் அங்கோரைத் தாக்கியவர்கள் இதே சாம் மக்களின் முன்னோர். பயோன் கோயில் சுவரில் கெமருக்கும் சாமுக்கும் நடந்த படகுச் சண்டையைப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் அவர்கள் இந்துக்கள், இஸ்லாத்துக்கு வந்தது பிற்பாடு. 1975 முதல் 1979 வரை பொல் பொட்டின் கெமர் ரூஜ் ஆட்சியில் சாம் மக்களில் ஏராளமானோர் கொல்லப்பட்டார்கள், பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டன. மிஞ்சியவர்கள் திரும்ப வந்து திரும்பக் கட்டினார்கள். 1990இல் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைக் கண்ட உங்கள் தெருவுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைக்காரம்மாவோடு மொழி தெரியாவிட்டாலும் ஸலாம் சொல்லி இரண்டு வார்த்தை கதைத்துப் பாருங்கள், கறி கொஞ்சம் கூடவே விழும்.

மாமியின் கேள்வி மார்க்கக் கேள்வி, அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. நடைமுறையை மட்டும் சொல்கிறேன். அங்கோருக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் சீட்டு வாங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வருபவர்கள். ஆனால் அங்கோர் வாட், பயோன் போன்ற இடங்களில் காவித் துணி சுற்றிய சிலைக்கு முன் யாராவது ஊதுபத்தியை நீட்டுவார்கள், கையில் நூல் கட்ட வருவார்கள். நெஞ்சில் கை வைத்துச் சிரித்துவிட்டு நகர்ந்தால் போதும், ஒருவரும் வற்புறுத்த மாட்டார்கள். உடுப்பில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. உங்களுக்குப் பிரச்சினையில்லை, திருப்பி அனுப்பப்படக்கூடியது அவருடைய கட்டைக் காற்சட்டைதான். அங்கோர் வாட்டின் மேல்தட்டுப் படி நல்ல செங்குத்து. அபாயா காலில் தடக்கும், நீளச் சட்டையும் காற்சட்டையும் நல்லது.

ஹோட்டல் எடுக்கும்போது பப் ஸ்ட்ரீட் பக்கம் வேண்டாம், இரவு முழுக்கக் குடியும் பாட்டும். பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தூரத்தில், தோட்டத்தோடு கூடிய சின்ன ஹோட்டலாகப் பாருங்கள். நீச்சல் உங்களுக்கு வேண்டுமென்றால் தனிக் குளம் உள்ள அறை கிடைக்கும். காசு கூடத்தான். ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தானே, இரண்டு இரவுக்காவது எடுக்கச் சொல்லுங்கள். அறைக் குளிர்சாதனப் பெட்டியில் மதுபானம் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு எடுப்பித்து விடலாம்.

நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரைதான் அங்கே தாங்கக்கூடிய காலநிலை. ரமழான் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டு, டிசம்பர் நெரிசலைத் தவிர்த்து ஜனவரியில் போங்கள். ஏப்ரல் வேண்டவே வேண்டாம், வெயில் கொளுத்தும், நம் சித்திரைப் புத்தாண்டு நேரத்தில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு.

கட்டுநாயக்காவிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர் போன்ற இடங்களில் மாறித்தான் போக வேண்டும். கோலாலம்பூரில் மாறினால் விமான நிலையத்திலேயே சாப்பாட்டுக் கவலையும் இல்லை. சியெம் ரீப்பில் 2023 ஒக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் நகரத்திலிருந்து நாற்பது கிலோமீற்றருக்கு மேல், ஆகவே ஹோட்டலிடமே வாகனம் அனுப்பச் சொல்லுங்கள். பாங்கொக்குக்குப் போய் அங்கிருந்து பஸ்ஸில் எல்லை கடக்கலாம் என்ற பழைய யோசனையைக் கைவிடுங்கள். 2025இல் இரண்டு நாடுகளுக்கும் எல்லையில் சண்டை வந்தது. எல்லையோரத்துப் பிரியா விஹியர் கோயிலும் உங்கள் பட்டியலில் வேண்டாம். விசாவை அங்கே இறங்கிய பிறகு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இப்போது என்ன விதி என்று கம்போடியத் தூதரகத்திடமே கேட்டு, விசா கைக்கு வந்த பிறகு விமானச் சீட்டுக்குக் காசு கட்டுங்கள்.

செலவுக்கு டொலர் தாளாகக் கொண்டு போங்கள், அங்கே எல்லாக் கடையிலும் வாங்குவார்கள். ஆனால் ஓரம் கிழிந்த, கறை பட்ட தாளைக் கையால் தொடவும் மாட்டார்கள். மாற்றும்போதே ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். சின்னத் தாள்களாக இருந்தால் ஓட்டோவுக்குக் கொடுக்க வசதி.