போர்வெல் எத்தனை அடி என்று லடாக்கிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: லே பக்கத்தில் ஒரு கிராமம். 12 கனால் நிலம், அதாவது ஒன்றரை ஏக்கர். பெரும்பாலும் பார்லி. ஏப்ரல் கடைசியில் விதைக்கிறோம். ஜூன் பிறந்தால்தான் ஓடையில் தாராளமாகத் தண்ணீர் வரும். அதற்குள் பயிர் இரண்டு இலையிலேயே வெளுத்துவிடுகிறது. போர்வெல் போட்டுச் சொட்டுநீர் அமைக்கச் சொல்கிறார் கடைக்காரர். எத்தனை அடி போடலாம்? வீட்டில் நாலு அறை சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறோம். போன வருடம்தான் எல்லாவற்றிலும் ஃப்ளஷ் கழிப்பறை வைத்தோம். அதற்கும் தண்ணீர் தேவை.

பதில்: ஜூலே (உங்கள் ஊர் வணக்கம்). அடிக்கணக்கு நான் சொல்லப்போவதில்லை. வருடத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் நிலத்தடியில் இருப்பதும் அதே பனி உருகிய தண்ணீர்தான். நீங்கள் மேலே உறிஞ்சினால் கீழ்வீட்டுக்காரரின் ஊற்று சுருங்கும். அடுத்த வருடம் அவரும் ஒன்று போடுவார்.

சொட்டுநீர் விஷயத்தில் கடைக்காரர் உங்கள் வயலைப் பார்த்துப் பேசவில்லை, கையில் இருக்கும் சரக்கைப் பார்த்துப் பேசுகிறார். தூவி விதைத்த பார்லிக்கு எந்த வரிசையில் குழாயை ஓட்டுவார்? ஓடைத் தண்ணீரைத் திருப்பினாலோ, பனியாறு அரைத்துத் தரும் மாவு போன்ற வண்டலில் சொட்டுவாய் அடைத்துக்கொள்ளும். அக்டோபரில் சுருட்டி உள்ளே வைக்க மறந்தால், உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். காய்கறித் தோட்டத்துக்கு வேண்டுமானால் வாங்குங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, வந்த தண்ணீர் ஏன் நிற்கவில்லை என்பது. வயலில் ஒரு பிடி ஈரமண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் விரலிடுக்கில் உதிர்ந்தால் பாதி வியாதி அதுதான். சாணமெல்லாம் குளிர்காலத்தில் அடுப்புக்குப் போய்விடுகிறது. வயலுக்கு இத்தனை காலம் உரம் கொடுத்தது உங்கள் பழைய உலர் கழிப்பறை. மாடியில் ஓட்டை, பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி, கொஞ்சம் சாம்பல். கீழ் அறையில் மக்கியதை வசந்தத்தில் வாரிப் போடுவீர்கள். அதை மூடிவிட்டு, பயிருக்கு இல்லாத தண்ணீரைக் குழியில் ஊற்றுகிறீர்கள்! இலை வெளுப்பதில் தழைச்சத்துக் குறைவுக்கும் பங்கு இருக்கும். யூரியா அதைச் சரிக்கட்டும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்காது.

ஒரு கழிப்பறையையாவது பழையபடி திறந்துவிடுங்கள். கீழ் அறையை இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் நிரம்பியதும் ஒன்றரை, இரண்டு வருடம் மூடி வையுங்கள். குளிரில் மக்குவது மெதுவாகத்தான் நடக்கும், அவசரப்பட வேண்டாம். பச்சையாகத் தின்னும் காய்கறிக்குப் போடாதீர்கள். விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள் என்று பயமா? அதைப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைத்தான் நான் அங்கே அதிகம் பார்த்திருக்கிறேன்.

சரி, ஜூன் வரை என்ன செய்வது? உங்கள் ஊர் ஜிங், அதாவது ஓடைத் தண்ணீரைத் தேக்கும் சிறு குளம், தூர்ந்து கிடக்கிறதா, கசிகிறதா என்று பாருங்கள். நொடிக்கு 1 லிட்டர் வரும் ஓடைகூட 10 மணி நேர இரவில் 36,000 லிட்டர் தரும். 2 கனாலுக்குப் பாய்ச்சினால் 35 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். பகலில் மெல்லிய ஓட்டமாகத் திருப்பினால் பாதி வாய்க்காலிலேயே போய்விடும். தேக்கி மொத்தமாகத் திறந்தால் வயலின் கடைசி வரை போகும். வண்டலும் படியும், பனித்தண்ணீரின் சில்லிப்பும் கொஞ்சம் குறையும். முறை வைப்பதைச் சுர்பொன்னிடம், அதாவது ஊரில் தண்ணீர் பங்கிடுபவரிடம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஓடை மேட்டில் கற்சுவர் கட்டி, குளிர்கால நீரை ஊருக்கு அருகிலேயே உறைய வைத்துக் காட்டினார் லடாக் பொறியாளர் செவாங் நோர்பெல். உயரம் குறைவாக இருப்பதால் அந்தப் பனி ஏப்ரல், மே மாதங்களிலேயே உருகும். அது ஊர் கூடிச் செய்யும் வேலை, தனி ஆளாக இறங்காதீர்கள்.

ஓடையில் 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது, குளத்தின் நீளம், அகலம், ஆழம் என்ன என்று அளந்து எழுதுங்கள். அளக்க வேண்டியது விடியற்காலையில்; மதியத்தில் அளந்தால் உருகும் பனி ஏமாற்றிவிடும்.