பிறந்தபோது டெஸ்ட் பாஸ், இப்போது திரும்புவதில்லை: குழந்தைகளின் காது பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு ஏழு மாதம். குறைமாதத்தில் பிறந்து, மஞ்சள் காமாலைக்காக ஒரு வாரம் ஐசியூவில் இருந்தாள். அங்கே எடுத்த காது டெஸ்ட் பாஸ். இப்போது கூப்பிட்டால் திரும்புவதில்லை. தட்டைத் தட்டினால் திரும்புகிறாள். (தாய், கொளச்சல்)

பதில்: டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த டெஸ்ட் என்று பாருங்கள். 'ஓஏஇ' மட்டும் என்றால் போதாது. உள்காதின் மயிர்ச் செல்கள் வேலை செய்கின்றனவா என்றுதான் அது காட்டும். அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறதா என்று காட்டாது. காமாலை கடுமையானால் அடிபடுவது பெரும்பாலும் அந்த நரம்புப் பாதைதான். எனவே அந்தப் பாதையைச் சோதிக்கும் 'பெரா' டெஸ்ட் எடுக்க வேண்டும். அதற்குப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். அன்று காலைத் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு, அங்கே போய்ப் பால் கொடுத்துத் தூங்க வையுங்கள்.

தட்டை நம்பாதீர்கள். கை அசைவு கண்ணில் பட்டாலும், தரையின் அதிர்வு தெரிந்தாலும் பிள்ளை திரும்பும். 'ஆ', 'ஊ' என்று சத்தமிடுவதும் அத்தாட்சி அல்ல. காது கேளாத பிள்ளையும் முதல் மாதங்களில் அப்படித்தான் சத்தமிடும். 'பபப', 'மமம' என்று அடுக்குவதுதான் அடையாளம். கேட்கும் பிள்ளைக்கு அது 10 மாதத்துக்குள் வந்துவிடும். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோவில் 150 குழந்தைகளை ஆராய்ந்து 1998-ல் வெளியிட்டார்கள்: ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டவர்கள், பிந்தியவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்தார்கள். இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: காது வலிக்குத் தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா? (மார்த்தாண்டம்)

பதில்: கூடாது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நேராக நடுக்காதுக்குள் இறங்கும். சூடு கூடினால் தோலும் வெந்துபோகும்.

கேள்வி: பதினான்கு மாதப் பையனின் ஹியரிங் எய்டு விசிலடிக்கிறது. மழை நாளில் சத்தமே நின்றுபோகிறது. (தக்கலை)

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு. விசிலுக்குக் காரணம், காது வளர்ந்து மோல்டு (காதுக்குள் பொருந்தும் அச்சு) லூசாகிவிட்டது. வெளியே கசியும் சத்தம் திரும்ப மைக்கில் ஏறி விசிலாகிறது. இந்த வயதில் சில மாதங்களுக்கு ஒருமுறை புது மோல்டு எடுக்க வேண்டியிருக்கும். விசிலுக்குப் பயந்து வால்யூமைக் குறைக்காதீர்கள்; 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும். மோல்டு பொருந்தியும் விசில் அடித்தால், காதுக்குள் குறும்பி அடைத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

சத்தம் நிற்பது ஈரத்தால். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. மோல்டையும் கருவியையும் இணைக்கும் ட்யூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; கடுகளவு நீர்த்துளி போதும், அடைத்துவிடும். மோல்டைக் கருவியிலிருந்து கழற்றி ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் சேரும். இரவில் பேட்டரியை எடுத்துவிட்டு, கருவியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். எடுத்த பேட்டரி பையன் கைக்கு எட்டக் கூடாது. விழுங்கினால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.