பசை போகணும், பெயிண்ட் போகக் கூடாது

கல்யாணத்துக்குக் காரை அலங்கரித்த செல்லோ டேப்பைப் பிய்த்தபின் பானெட் முழுக்கப் பிசுபிசுப்பு. தூசி ஒட்டிக் கறுத்தும் விட்டது. தின்னர் போடலாமா?

வேண்டாம். முதலில் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். மண்ணோடு தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். அப்புறம் நிழலில் நிறுத்தி, ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டுங்கள். கை பொறுக்கிற சூடு போதும். பசை இளகியதும் கட்டைவிரலால் உருட்டினால் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு வரும். மிச்சம் இருக்கும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போக மறுபடியும் ஷாம்பு.

ஸ்கூட்டரின் முன் பேனலில் ஃபெவிக்விக் சொட்டிக் காய்ந்துவிட்டது. நெயில் பாலிஷ் ரிமூவரில் போகும் என்கிறார்களே?

போகும், கூடவே பெயிண்டும் போகும். ரிமூவர்கள் பலவற்றில் இருப்பது அசிட்டோன். ஸ்கூட்டர் பேனல்களில் பரவலாக இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையே அது கரைத்துவிடும். பட்டறையில் மறுபடி பெயிண்ட் அடித்த வண்டி என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

வெந்நீரில் சோப்பு கலந்து, துணியை நனைத்துச் சொட்டின் மேல் போட்டு வையுங்கள். ஆற ஆற மாற்றுங்கள். ஓரம் வெளுத்துத் தூக்கினால் பழைய பிளாஸ்டிக் கார்டால் மெதுவாக நெம்பலாம். பிளேடை எடுக்கவே எடுக்காதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக நைசான உப்புத்தாள்) தண்ணீரில் நனைத்துச் சொட்டை மட்டும் தேய்த்துக் குறைத்து, கடைசியில் காம்பவுண்ட் (லேசாகத் தேய்த்து மெருகேற்றும் பசை) போடுவார்கள். பெயிண்டின் மேலுள்ள கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லிசு. கை பழகாதவர்கள் இதை நல்ல பெயிண்டரிடம் விட்டுவிடுவது மேல்.

மகன் புராஜெக்ட் செய்தபோது கார் கதவில் ஃபெவிக்காலைச் சிந்திவிட்டான்.

வெந்நீர்த் துணியை அரை மணி நேரம் போட்டு வையுங்கள். வெளுத்து, இளகி, தோலாக உரிந்து வரும். பையனைத் திட்டாதீர்கள்!

மேட் ஃபினிஷ் பைக் டேங்கில் ஸ்டிக்கர் பசை. எடுத்தபின் பாலிஷ் போடலாமா?

கூடாது. பாலிஷ் பட்ட இடம் பளபளத்துத் திட்டாகத் தெரியும். அதைத் திரும்ப மேட் ஆக்க வழியில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் தொட்டு ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தாலும் பளபளப்பு வந்துவிடும். இன்ஜின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு எதுவும் வேண்டாம்.

ஸ்டிக்கரையும் எடுத்தாச்சு, பசையும் போயாச்சு. எழுத்துகள் மட்டும் இன்னும் தெரிகின்றன!

விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் அது பசையே அல்ல. சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் மங்கிவிட்டது. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது பழைய நிறத்திலேயே இருக்கிறது. சிவப்பு வண்டியில் இது நன்றாகவே தெரியும். காம்பவுண்ட், பாலிஷ் போட்டால் வித்தியாசம் குறையும். பல வருஷ ஸ்டிக்கர் என்றால் முழுசாகப் போகாது. பலர் அதே அளவில் வேறு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடுகிறார்கள்.