பாட்டு கேட்கிறது, கட்டை அசையவில்லையே?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஜப்பானிலிருந்து வந்த பழைய யமஹா டிஸ்க்ளேவியர், அதாவது தானே வாசிக்கும் பியானோ, ஒன்றை வாங்கினோம். ஃபிளாப்பி போடும் காலத்து மாடல். மடிக்கணினியிலிருந்து வயர் இல்லாமல் வாசிக்க வைக்கலாம் என்று புளூடூத் ரிசீவர் வாங்கிப் பின்னால் செருகினேன். ஸ்பீக்கரில் பாட்டு வருகிறது, ஆனால் ஒரு கட்டைகூட அசையவில்லை. கட்டைகள் தானாக இறங்குவதைப் பார்க்கத்தான் அம்மாவுக்கு ஆசை. என்ன செய்யலாம்?"

கவலை வேண்டாம், பியானோ நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் வாங்கிய ரிசீவர் ஒலியை மட்டும் கொண்டுவருகிறது. இந்தப் பியானோவுக்குத் தேவை கட்டளை. அதன் பெயர் மிடி. 1983இல் வந்த மொழி, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கணினி 144, 60, 64 என்று மூன்று எண்களை அனுப்பினால், 'முதல் சேனலில், நடு சி கட்டையை, மிதமான விசையில் அழுத்து' என்று பொருள். உடனே அந்தக் கட்டையின் அடியில் இருக்கும் சோலினாய்டு என்ற மின்காந்தத் தண்டு பின்முனையை மேலே தள்ளும். முன்முனை இறங்கும், சுத்தியல் போய்க் கம்பியில் அடிக்கும். அம்மா பார்க்க ஆசைப்படுவது இதைத்தான். ஆகவே எம்பி3 பாட்டை அனுப்பிப் பயனில்லை, மிடி கோப்பு வேண்டும்.

இப்போது கண்ட்ரோல் யூனிட்டின், அதாவது ஃபிளாப்பி போடும் பெட்டியின், பின்புறம் பாருங்கள். மிடி இன், மிடி அவுட் என்று ஐந்து துளைகளோடு வட்டமான சாக்கெட்டுகள் இருக்கும். அதில் செருகுவதற்கென்றே புளூடூத் மிடி அடாப்டர் கிடைக்கிறது. யமஹாவின் எம்டி-பிடி01, சிஎம்இ நிறுவனத்தின் வைடி மாஸ்டர் இரண்டும் இந்த வேலைக்குச் சரியானவை. இரண்டு முனைகளையும் செருக வேண்டும். கட்டளை 'இன்' வழியாகப் போனாலும், அடாப்டருக்கு மின்சாரம் 'அவுட்' சாக்கெட்டிலிருந்துதான் வருகிறது. ஒன்றை மட்டும் செருகிவிட்டு அடாப்டர் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுடையது மேக் என்றால், வழக்கமான புளூடூத் அமைப்புக்குப் போகாதீர்கள். ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில் மிடி ஸ்டூடியோவைத் திறந்து, புளூடூத் சின்னத்தை அழுத்தி இணையுங்கள். விண்டோஸில் கொஞ்சம் தொல்லை உண்டு. கணினி அடாப்டரைக் கண்டுகொண்டாலும், பல இசை மென்பொருள்களின் பட்டியலில் அது வராது. அதோடு மல்லுக்கட்டுவதைவிட, வைடி மாஸ்டரோடு வைடி பட் ப்ரோ என்ற சிறிய யூஎஸ்பி துண்டையும் வாங்கிவிடுங்கள். கணினி அதைச் சாதாரண யூஎஸ்பி மிடி கருவி என்றே நினைக்கும். என் வாக்கு இதற்குத்தான்.

இணைத்ததும் முழுப் பாட்டை அனுப்பாதீர்கள். நடு சி ஒன்றை மட்டும் அனுப்பிப் பாருங்கள். அசையவில்லையா? மென்பொருள் அனுப்பும் சேனலும் பியானோ கேட்கும் சேனலும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

அசைந்தது, ஆனால் அரை நொடி தாமதம் என்றால் புளூடூத்தைத் திட்ட வேண்டாம். மெதுவாக அடிக்கும் சுத்தியல் கம்பியை அடைய அதிக நேரம் எடுக்கும், வேகமாக அடிப்பது சீக்கிரம் போய்விடும். தாளம் குலையாமல் எல்லாம் நேரத்துக்குச் சேர, டிஸ்க்ளேவியர் வேண்டுமென்றே எல்லாவற்றையும் 500 மில்லிநொடி தள்ளி வாசிக்கிறது. எவ்வளவு அக்கறையான ஏற்பாடு, பாருங்கள்! தனிப் பியானோ என்றால் அப்படியே விடுங்கள். கணினி ஸ்பீக்கரில் வயலினும் மிருதங்கமும் கூடவே ஒலிக்க வேண்டுமானால், மென்பொருளில் அந்த டிராக்குகளையும் 500 மில்லிநொடி தள்ளிவையுங்கள். கண்ட்ரோல் யூனிட்டில் தாமதத்தை அணைக்கவும் முடியும், ஆனால் மென்மையான சுரங்கள் பிந்தி விழும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசலாக இருக்கும், புளூடூத்தும் அங்கேதான் ஓடுகிறது. சுரம் விட்டுவிட்டு வந்தால் மடிக்கணினியைப் பியானோ இருக்கும் அறைக்கே கொண்டுவாருங்கள்.

அப்புறம் ஒன்று, இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஜப்பானுக்காகச் செய்த பியானோ 100 வோல்ட்டில் ஓடுவது, நம் சுவரில் வருவது 230. மின்மாற்றி வைத்துத்தான் ஓட்டுகிறீர்களா? யூனிட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். 100 என்றிருந்து நடுவில் மின்மாற்றி இல்லையென்றால், அடாப்டர் வாங்கப் போகும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.