90-ஐத் தாண்டினால் தலையாட்டும் வண்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே. வீடு தண்டையார்பேட்டை, வேலை அத்திப்பட்டில். 150 சிசி பைக், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போகும்போது டி.பி.பி. (திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி) ரோடு, திரும்பும்போது சில நாள் மீஞ்சூரில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி மாதவரம் பக்கம் வருவேன். அந்த ரோட்டில் 90-ஐத் தொட்டால் ஹேண்டில் இரண்டு பக்கமும் படபடவென்று உதறுகிறது. சரி என்று ஆக்சிலேட்டரை விட்டால் அடங்குகிறது, ஆனால் 65 பக்கம் வரும்போது மறுபடி ஒரு ஆட்டம், அதுவும் கையைத் தளர்த்திப் பிடித்தால்தான். மெக்கானிக் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் பேரிங்) போய்விட்டது என்று மாற்றினார். 65-இல் வருவது கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிகிறது, 90-இல் அப்படியேதான் இருக்கிறது. இப்போது முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையே மாற்றணும் என்கிறார். மாற்றலாமா? (ஒன்றரை மாதத்துக்கு முன் முன் டயர் புதிதாகப் போட்டேன். டூல்ஸ் வைக்க டாப் பாக்ஸும் அப்போதுதான் மாட்டினேன்.)

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, தம்பி, அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். வாபுளிங், அதாவது ஹேண்டில் ஆட்டம், என்று யார் வந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் வண்டியில் கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பதுதான். ஃபோர்க்கை மாற்ற வேண்டாம், இப்போதைக்கு.

நீங்கள் சொல்வதில் இரண்டு ஆட்டம் இருக்கிறது, இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. பைக்கின் முன்பக்கம் முழுவதும், அதாவது சக்கரம், ஃபோர்க், ஹேண்டில் எல்லாம் சேர்ந்து, கோன் செட்டை அச்சாக வைத்து இடமும் வலமும் ஊசலாடக்கூடிய ஒரு அமைப்பு. அது ஆடினால் நொடிக்குச் சுமாராக 4 முதல் 10 தடவை ஆடும். இப்போது 17 அங்குலச் சக்கரத்தைக் கணக்கு போடுங்கள், ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் போல ஓடும், அப்படியென்றால் 65 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 9, 10 சுற்று. சக்கரத்தில் எங்காவது ஒரு பக்கம் கனமாகவோ, டயர் ஒரு இடத்தில் மேடாகவோ இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு விழும், அந்தத் தட்டும் முன்பக்கத்தின் சொந்த ஆட்டமும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி. அதனால்தான் 65 பக்கத்தில் வருகிற ஆட்டத்துக்கு நான் முதலில் பார்ப்பது டயரும் ரிம்மும், கோன் செட் அதற்கு அப்புறம்தான். கோன் செட் தளர்ந்திருந்தால் ஆட்டத்தை அடக்க ஆளில்லாமல் பெரிதாகும், மாற்றியதும் குறைந்தது அதனால்தான், ஆனால் தட்டுகிறவன் இன்னும் உள்ளேயே இருக்கிறான்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்குங்கள். டயர் ரிம்மோடு சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, பக்கச் சுவரில் ஒரு மெல்லிய கோடு டயரைச் சுற்றி ஓடும். டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம் விளிம்புக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் ஒளிந்துகொண்டால் டயர் அந்த இடத்தில் சரியாக உட்காரவில்லை. அவசரத்தில் சோப்புத் தண்ணீர் கூடத் தடவாமல் லிவர் போட்டு ஏற்றி, காற்றை அடித்து அனுப்பிவிடும் கடைகளில் இது சர்வ சாதாரணம். காற்றை முழுக்க இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி அடித்தால் பெரும்பாலும் டப்பென்று உட்கார்ந்துவிடும், பைசா செலவில்லை. அப்படியே பக்கச் சுவரில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையைக் காட்டுகிறதா, மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மஞ்சள் புள்ளி டயரின் லேசான இடம், வால்வு இருக்கும் இடம் ரிம்மில் கனமான இடம், அதனால் இரண்டையும் சேர்க்கிறார்கள். அதே பக்கச் சுவரில் கட்டமாக 4 எண்கள் இருக்கும், அதுதான் டயர் செய்த தேதி, 3219 என்றால் 2019-இன் 32-வது வாரம் செய்தது. புதுசு என்று சொல்லி விற்றதெல்லாம் புதுசாக இருக்கும் என்று நம்பவேண்டாம்.

அடுத்தது ரிம். ஒரு பென்சிலை டேப் போட்டு ஃபோர்க் காலில் ஒட்டுங்கள், நுனி ரிம்மைத் தொடாமல் ஒரு நூல் இடைவெளியில் நிற்கட்டும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் இடைவெளி கூடுவதும் குறைவதும் கண்ணுக்கே தெரியும். பக்கவாட்டில் இருந்து ஒரு தடவை, மேலிருந்து கீழாக ஒரு தடவை. பெரும்பாலான கம்பெனி மேனுவல்களில் 2 மில்லிமீட்டர்தான் எல்லை. நம் ஊரில், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலும் மணலி ரோட்டிலும் கன்டெய்னர் லாரிகள் போய்ப் போய்க் குழி விழுந்த இடங்களில் தினம் இறங்கி ஏறுகிற வண்டிக்கு அலாய் வீல் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் ஆச்சரியமே இல்லை. ஸ்போக் வீல் என்றால் ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிப் பாருங்கள், 'டிங்' என்று கேட்க வேண்டும், 'டொக்' என்றால் தளர்ந்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் நிற்கிற வண்டிகளில் நிப்பிளே (ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்) துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும், அதைத் திருக முயன்றால் ஸ்போக் உடையும். அந்த வேலையை வீல் பெண்டு எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பேலன்ஸிங் செய்யும் மெஷின் பைக் சக்கரத்துக்கு எல்லாக் கடையிலும் இருக்காது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிரேக் உரசாதபடி செய்துகொண்டு சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள், தானாக நிற்கட்டும், அடியில் இருக்கிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பல தடவை சுற்றியும் அதே கோடு அடியில் வந்து நின்றால் அதுதான் கனமான பக்கம், எதிர்ப்பக்கத்தில் வெயிட் ஒட்ட வேண்டும்.

சரி, 90-க்கு வருவோம். அது டாப் பாக்ஸ் வேலை என்று நினைக்கிறேன், பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் தெரிந்துவிடும். பெட்டி பின் ஆக்ஸிலுக்கும் (சக்கரத்தின் நடு அச்சு) பின்னால் தொங்குகிறது, உள்ளே ஸ்பேனர் செட், டிரில் மெஷின் என்று போட்டால் பின் ஆக்ஸிலை மையமாக வைத்து முன்பக்கம் லேசாகத் தூக்கப்படுகிறது. முன் சக்கரத்தில் பாரம் குறைந்தால் அது தரையை அழுத்திப் பிடிக்காது, வேகத்தில் காற்றும் பெட்டியில் மோதும். பெட்டியின் மூடிக்கு உள்ளே எத்தனை கிலோ வரை என்று அச்சிட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. கனமானதை டேங்க் பேக்கிலோ, இருக்கையின் இரண்டு பக்கமும் கீழே தொங்கும் பையிலோ சமமாகப் பிரித்து வையுங்கள், பெட்டியில் மழைக்கோட்டும் டிபன் பாக்ஸும் போதும்.

காற்றை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடுகிறது. பல 150 சிசி வண்டிகளுக்கு முன்னே 25 பி.எஸ்.ஐ., பின்னே ஒருவர் என்றால் 28, இருவர் என்றால் 32 என்ற கணக்கில் வரும், உங்கள் வண்டியின் எண் செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மிலோ ஸ்டிக்கரில் இருக்கும். பங்க்கில் பையன் "30 போடவாண்ணா" என்று இரண்டுக்கும் ஒரே அளவு அடிக்கிறான். ஓடிச் சூடான டயரில் காட்டும் அளவு உண்மையானது அல்ல, காலையில் வண்டி எடுத்ததும் பிடியுங்கள்.

புதுக் கோன் செட்டையும் சோதித்துவிடுங்கள், மாற்றினால் மட்டும் போதாது, இறுக்கம் சரியாக இருக்க வேண்டும். முன் சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஃபோர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'டக்' என்று பிளே தெரியக்கூடாது. ஹேண்டிலை நடுவில் நிறுத்தி ஒரு விரலால் லேசாகத் தள்ளினால் தானாகவே கடைசி வரை விழ வேண்டும். நடுவில் ஒரு பள்ளத்தில் உட்காருவது போல நின்றால் ரேஸில் (கோன் செட்டின் பந்துகள் ஓடும் வளையம்) தழும்பு விழுந்திருக்கிறது, எங்கேயும் விழாமல் கனமாக நகர்ந்தால் அதிகமாக இறுக்கிவிட்டார்கள், அப்படிப்பட்ட வண்டி மெதுவாகப் போகும்போது நேராகவே போகாது. புது செட் கொஞ்ச நாள் ஓடியபின் தளரும், ஒரு தடவை திரும்ப இறுக்க வேண்டும், இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. வாட்டர் சர்வீஸில் அந்த இடத்தில் நேராக பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள், கிரீஸ் கழுவிக்கொண்டு போய்விடும். மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் ஆக்ஸில் முங்க ஓட்டியிருந்தால் வீல் பேரிங்கையும் பார்க்கணும்.

இத்தனைக்கும் பிறகு ஆட்டம் இருந்தால் ஃபோர்க்கைத் தொடலாம். அப்போதும் மாற்றுவதற்கு முன், வண்டி எங்காவது லேசாக விழுந்து ஃபோர்க் கால்கள், அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆக்ஸிலையும் கிளாம்ப் போல்ட்டுகளையும் தளர்த்தி, நேராக்கி, ஃபோர்க்கை நாலு தடவை அழுத்திவிட்டு மறுபடி இறுக்கினால் பல வண்டிகள் திருந்திவிடும்.

கேள்வி: ஓடும்போதே ஆட்டம் தொடங்கிவிட்டால் என்ன செய்வது? முன் பிரேக் பிடிக்கலாமா? (எண்ணூர் வாசகர்)

பதில்: பிடிக்காதீர்கள். முன் பிரேக்கை அழுத்தினால் பாரம் முழுக்கத் திடீரென்று முன்னால் பாயும், ஆட்டம் இன்னும் மோசமாகும். ஹேண்டிலை இறுகப் பிடித்து மல்லுக்கட்டவும் வேண்டாம், உங்கள் கை தாமதமாகத்தான் எதிர்வினை செய்யும், அது ஆட்டத்தைக் கூட்டிவிடும். டேங்க்கை முழங்காலால் கவ்வி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, கையை எடுக்காமல், மல்லுக்கட்டாத பிடியில் வைத்து, ஆக்சிலேட்டரைப் படிப்படியாக விடுங்கள். பட்டென்று மூடக்கூடாது.

இதோடு ஒன்று. ஹேண்டில் உதறாமல், வண்டி மொத்தமும் பாம்பு போல மெதுவாக நெளிகிறதென்றால் அது வேறு வியாதி, முன்னால் தேடாதீர்கள். பின் டயர் காற்று, ஸ்விங்கார்ம் புஷ், பின் சக்கரம் நேராக இருக்கிறதா (செயின் அட்ஜஸ்டர் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் இருக்கின்றனவா) என்று பாருங்கள். பிரேக் பிடித்தால் மட்டும் அதிர்ந்தால் டிஸ்க் கோணியிருக்கும், அல்லது டிரம் முட்டை வடிவமாகியிருக்கும்.

கேள்வி: என் ஸ்கூட்டரில் 40-இல் போகும்போது ஒரு கையை எடுத்தால் ஹேண்டில் நடுங்குகிறது. ஷோரூமில் "எல்லா ஸ்கூட்டரும் இப்படித்தான் மேடம்" என்கிறார்கள். உண்மையா? (பெரம்பூர் வாசகி)

பதில்: பாதி உண்மை, அம்மா. சக்கரம் சின்னது, எடை பின்னால், அதனால் கையை எடுத்தால் லேசாக நடுங்கும். ஆனால் இரண்டு கையும் வைத்திருக்கும்போதும் தெரிந்தால், அல்லது போன வருடம் இல்லாதது இப்போது வந்திருந்தால், காற்று, முன் டயர் தேய்மானம், கோன் செட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முன் டயரில் கையை வைத்துத் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டுப்பட்டால் டயரை மாற்றுவதுதான் வழி. சிலிண்டர் ஏற்றிக்கொண்டு போகும் நாளில் ஆடினால் அதற்கு ஸ்கூட்டரைக் குறைசொல்ல வேண்டாம்.

கேள்வி: ஸ்டியரிங் டாம்பர் (ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் மாதிரி கருவி) போட்டால் வாபுளிங் நிற்குமாமே? (ராயபுரம் வாசகர்)

பதில்: நிற்கும், காரணம் அப்படியே உள்ளே இருக்க. தேய்ந்த டயரும் தளர்ந்த பேரிங்கும் அது தெரியாமல் இன்னும் நாள் ஓடும், அதுதான் பயம். ரேஸ் வண்டிக்கும், வேகத்துக்கென்றே செய்த பெரிய வண்டிக்கும் அது சரி. 150 சிசிக்கு அந்தக் காசில் ஒரு நல்ல முன் டயரைப் போட்டு, மீதியில் ஃபோர்க் ஆயிலும் ஆயில் சீலும் மாற்றிக்கொள்ளுங்கள்.