உங்கள் பயமே கயிறாகட்டும்

கேள்வி: என் கணவருக்கு ஒப்பந்த வேலை. மார்ச் நெருங்கினாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. தினமும் மாலையில் விளக்கேற்றி ‘மாசில் வீணையும்’ பதிகம் படிக்கிறேன். உட்பொருள் தெரிந்து படித்தால்தான் மனம் அடங்கும் என்கிறார் என் அக்கா. அதிகம் படிக்காத எனக்கு அது எட்டுமா?
– வாசகி, பண்ருட்டி

பதில்: எட்டும் அம்மா. பயந்து பழகிய மனம் இருந்தாலே இந்தப் பதிகத்துக்குள் நுழையப் போதும்.

அப்பரைப் பல்லவ மன்னன் நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், ஏழு நாள் அடைத்து வைத்தான் என்கிறது பெரியபுராணம். அங்கே பிறந்த பாட்டு இது. சுற்றிலும் அனல், முதல் பாட்டிலோ அனலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கதவைத் திறக்கச் சொல்லும் வேண்டுதலும் இல்லை. காதுக்கு வீணை, கண்ணுக்கு மாலை நிலா, மேனிக்குத் தென்றல், பிறகு இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை. வெந்துகொண்டிருக்க வேண்டிய புலன்கள் ஒவ்வொன்றாக ஈசன் திருவடி நிழலில் போய் ஒதுங்குகின்றன.

என் தாயார் புற்றுநோயில் கிடந்தபோது இதைப் பாடச் சொல்வார். கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருக்கும் அவர் விரல்கள், ‘ஈசன் எந்தை’ என்ற இடம் வரும்போது தளரும். நோய் தீரவில்லை. ஆனால் பயந்த முகத்தோடு அவர் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு உறுதியாக உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் அதிக நேரம் தங்க வேண்டியது கடைசிப் பாட்டில். விறகில் தீ போல, பாலில் நெய் போல இறைவன் மறைந்து நிற்கிறான் என்று தொடங்கி, ‘உறவு கோல்நட்டு உணர்வு கயிற்றினால் முறுக வாங்கிக் கடைய முன்நிற்குமே’ என்று முடிகிறது. அவன் நமக்கு உறவு என்பது நட்ட மத்து. நம் உணர்வு அதில் சுற்றிய கயிறு. இறுக்கி இழுத்துக் கடைந்தால் அவன் முன்னே வந்து நிற்பான். பெரும்பாலும் இந்த உணர்வை அன்பு என்றே விளக்குவார்கள். உங்கள் பயமும் உணர்வுதானே என்பது என் வாசிப்பு. அதை வாசலில் விட்டுவிட்டுப் பூசையறைக்குள் போக வேண்டாம். ‘என் அப்பனே, மார்ச்சை நினைத்தால் நடுங்குகிறது’ என்று அவனிடமே சொல்லி அந்தக் கயிற்றை இழுங்கள்.

வேலை நிலைக்க வேண்டும் என்று கேட்பதில் குற்றமில்லை. உங்கள் ஊரை ஒட்டிய திருவதிகையில்தான் அப்பரும் சூலை நோய் என்ற வயிற்று வலியைத் தாங்க முடியாமல், ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’, அதாவது எமனாய் வந்த இந்த நோயை விலக்காமல் இருக்கிறீரே, என்று கதறினார். அந்தக் கதறலும் தேவாரம்தான்.

சில நாள் முழுப் பதிகத்தையும் ஓட்ட வேண்டாம். கடைசிப் பாட்டை மட்டும் நிறுத்தி நிறுத்திப் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் உட்காருங்கள். வேலை இல்லாத மாதங்களுக்கான பணத்தைப் பற்றிக் கணவரோடு பகலில் கணக்குப் போட்டுப் பேசுங்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவராதீர்கள்.